துருவிய தேங்காய் – 14: அக்காவின் வாக்கு

நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாலு பேர் கூடினால் சங்கம், சங்கம் கூடினால் தீர்மானம், தீர்மானம் போட்டால் மினிட்ஸ். முன்மொழிந்தவர் இன்னார், வழிமொழிந்தவர் இன்னார், தேநீர் உபசரிப்புக்குப் பின் கூட்டம் இத்தனை மணிக்கு இனிதே நிறைவுற்றது என்று எழுதி முடித்தால்தான் வீட்டுக்குப் போகக் கால் வரும். கொள்ளையடிக்கக் கூடினாலும் நம்மவர்கள் நன்றியுரை இல்லாமல் கலைய மாட்டார்கள் என்று புனிதா ஒருமுறை தன் அப்பாவைக் கேலி செய்தாள். அன்றைக்கு வீடே சிரித்தது.

இப்போது அந்த மினிட்ஸ் புத்தகம்தான் வீட்டின் நிம்மதியைக் குடித்துக்கொண்டிருக்கிறது.

மறந்தவர்களுக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தீபாவளிக்கு மலேசிய அரசாங்கம் தேங்காய்க்கு உச்சவிலை வைத்தது. ரோஸ் நிற அட்டையில் விலையை எழுதிக் கடையில் மாட்ட வேண்டும்; அதற்கு மேல் ஒரு காசு வாங்கக் கூடாது. லோரியில் வந்து இறங்கும் விலையே அதைத் தொட்டுக்கொண்டிருந்ததால், கடைக்காரர்கள் அத்தனை நாளும் கைக்காசைப் போட்டுத்தான் விற்றார்கள். பண்டிகை முடிந்தது, கட்டுப்பாடும் போனது. விட்டதைப் பிடிக்க வேண்டுமே. கிள்ளான் பள்ளத்தாக்குத் தேங்காய் வணிகர் சங்கம் கோயில் மண்டபத்தில் கூடியது. துருவிய தேங்காய் கிலோ பதினான்கு வெள்ளி. பதினோரு கடையிலும் அதே விலை. குறைத்து விற்கிறவர் கோயில் அன்னதானத்துக்கு நூற்றொரு வெள்ளி கட்ட வேண்டும்.

தீபாவளிக்கு வாங்கிய ரோஸ் அட்டைகள் மிச்சம் இருந்தன. வீணாக்குவானேன் என்று அதிலேயே புது விலையையும் எழுதி மாட்டினார்கள். தலைவர் தம்புசாமிக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்து, ‘தேங்காய் வணிகர்கள் ஒருமித்த முடிவு’ என்று பத்திரிகைக்கும் அனுப்பினார்கள்.

பத்திரிகையைச் சங்கத்துக்காரர்கள் மட்டுமா படிக்கிறார்கள்? ஒரு மாதத்தில் போட்டி ஆணையத்திலிருந்து பதினோரு கடைக்கும் கடிதம் வந்தது. கடைக்காரர்கள் கூடி உட்கார்ந்து விலை வைப்பது குற்றம். பதினான்கு நாளுக்குள் விளக்கம் வேண்டும்.

சங்கத்தின் செயலாளர் ஜெயராஜ். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் இருபத்தாறு வருஷமாகத் தேங்காய்க் கடை வைத்திருக்கிறார். அவர் எழுதினால் அவருக்கே திரும்பப் படிக்க வராது என்பதால் மினிட்ஸ் எழுதியது அவர் மனைவி புஷ்பவல்லி. அச்சுப் போன்ற எழுத்து. பதினோரு பேரும் அதன் கீழே கூசாமல் கையெழுத்துப் போட்டார்கள். கடைசிக் கையெழுத்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கடை வைத்திருக்கும் அவள் தம்பி வேலாயுதத்தினுடையது.

இன்று புதன்கிழமை. பதினான்கு நாளில் ஒன்பது நாள் போய்விட்டது.

*

காலை ஏழு மணிக்கு மாரியாயி வந்தாள். பாசார் சந்தைப் பக்கம் ஆப்பமும் இடியாப்பமும் போட்டு விற்கிறவள். முன்பெல்லாம் ஐந்து கிலோ துருவல் வாங்குவாள்.

“ரெண்டு கிலோ போடுங்கக்கா.”

புஷ்பவல்லி மிஷினைப் போட்டாள். மாரியாயி சுவரை அண்ணாந்து பார்த்தாள். அங்கே ஆணி மட்டும் இருந்தது.

“ரோஸ் கார்டைக் காணோமே.”

“கழட்டியாச்சு. கிலோவுக்குப் பன்னெண்டு வெள்ளி குடு, போதும்.”

“நான் அது கவர்மெண்ட் விலைன்னுல்ல நெனச்சேன்.” மாரியாயி பையிலிருந்து காசை எடுத்தாள். “ரோஸ் கலர்ல இருந்தா கவர்மெண்ட்டுதானே? கவர்மெண்ட்டே பதினாலுன்னு சொன்னா நான் யார்கிட்ட போய்க் கேக்கறது. வாயை மூடிக்கிட்டு வாங்கிட்டுப் போனேன். ஆப்பத்துக்கு முப்பது காசு ஏத்தினேன், பாதி வாடிக்கை நின்னுபோச்சு.”

புஷ்பவல்லி பையைக் கட்டினாள். முகம் சுட்டது.

“பேப்பர்ல போட்டோ பாத்தேன்க்கா. அண்ணன் நல்லா சிரிச்சிக்கிட்டு நின்னாரு.”

குத்திக் காட்டினாளா, சும்மா சொன்னாளா என்று தெரியவில்லை. அவள் போன பிறகு, புகார் கொடுத்தது இவளாக இருக்குமோ என்று புஷ்பவல்லிக்கு ஒரு நினைப்பு ஓடியது. இருந்தால்தான் என்ன தப்பு என்று உடனே இன்னொரு நினைப்பு வந்தது. முதல் நினைப்பைவிட இரண்டாவதுதான் வலித்தது.

*

கடைக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் மகள் புனிதா காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். கோலாலம்பூரில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை. இன்று லீவு போட்டிருந்தாள். எதற்கென்று அம்மா கேட்டதற்கு, சும்மாதான் என்றாள். அந்தப் பெண் சும்மா லீவு போடுகிறவள் இல்லை. புஷ்பவல்லி அதைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

ஜெயராஜ் கடிதத்தை மறுபடியும் விரித்து வைத்துக்கொண்டிருந்தார். ஒன்பது நாளாக அதை விரிப்பதும் மடிப்பதும்தான் அவருக்கு வேலை.

“தீபாவளிக்கு கவர்மெண்ட்காரன் விலை வச்சான், நாம கேட்டோமா? நட்டத்துக்கு வித்தோம்லா. அவன் வச்சா சட்டம், நாம வச்சா சமான், ஃபைனா?”

“ப்பா, எத்தனை தடவை சொல்றது. அரசாங்கம் விலை வைக்கலாம். இல்ல, ஒவ்வொரு கடையும் அதது விலைய தனியா வைக்கலாம். கடைக்காரங்க கூடி வைக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

“மொத்த வியாபாரிங்க எல்லாரும் ஒரே நாள்ல விலைய ஏத்தறாங்களே. அவங்க கூடாமலா ஏத்தறாங்க?”

“அவங்க மினிட்ஸ் எழுதலப்பா.”

ஜெயராஜ் கடிதத்தை மடித்தார். புஷ்பவல்லி சுவரோரம் நின்றபடியே கேட்டாள்.

“நீ பாத்த அந்த லாயர் பிள்ளை என்ன சொல்லுச்சு?”

புனிதா ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுத்தான் சொன்னாள்.

“ஃபைன் விற்பனையில பத்து விழுக்காடு வரைக்கும் போகலாம்னு சொன்னாங்கம்மா.”

“லாபத்துலயா?”

“லாபத்துல இல்ல. விற்பனையில.”

தேங்காய் வியாபாரத்தில் கை மாறுகிற காசு நிறைய, கையில் நிற்கிற காசு கொஞ்சம். விற்பனையில் பத்து விழுக்காடு என்றால் கடையை இழுத்து மூடிவிட்டு, அதற்கு மேலும் கடன் வாங்கிக் கட்ட வேண்டும். இதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“ஒரு வழி இருக்கு,” என்றாள் புனிதா. “சங்கத்துல இருக்கறவங்கள்ல யாரு முதல்ல போய் ஒத்துக்கிட்டு, எல்லா ஆதாரத்தையும் குடுத்து, யார் யாரு இருந்தாங்கன்னு சொல்றாங்களோ, அவங்களுக்கு ஃபைன் முழுசாவே இல்லாமப் போகலாம். ரெண்டாவதா போனா கொஞ்சம் குறையும். அப்புறம் போனா ஒண்ணும் கெடைக்காது.”

“யார் யாருன்னா?”

“பதினோரு பேரும்தாம்மா.”

“மாமாவும்?”

புனிதா காப்பிக் கோப்பையைப் பார்த்தாள்.

வேலாயுதம் அந்த விலைக்குச் சம்மதிக்கவே இல்லை. பிரிக்பீல்ட்ஸில் அவன் கடையிலிருந்து ஐந்து நிமிஷம் நடந்தால் பேரங்காடி. அங்கே துருவலை ஒன்பதுக்குப் போடுகிறார்கள். நான் பதினான்கு என்றால் எவன் வருவான் என்று மண்டபத்தில் எழுந்து நின்று கேட்டான். அவன் மட்டும் தனியாக நிற்பது புஷ்பவல்லிக்குப் பொறுக்கவில்லை. ஊரோடு ஒத்துப் போடா என்று பேனாவை அவன் பக்கம் தள்ளியவள் அவள்தான். அடுத்த வாரமே அவன் பத்துக்கு விற்றுப் பிடிபட்டு, நூற்றொரு வெள்ளி அன்னதானத்துக்குக் கட்டினான். ரசீது வேறு வாங்கி வைத்திருக்கிறான்.

“நான் போகமாட்டேன்,” என்றார் ஜெயராஜ் திடீரென்று.

புஷ்பவல்லி அவரைப் பார்த்தாள்.

“மச்சினனக் காட்டிக் குடுத்துட்டு நான் கடைல உக்காந்து தேங்காய் உடைக்கவா? போகமாட்டேன். ஆனா புஷ்பம், உன் தம்பியும் லாயரைப் பாத்திருக்கான்னு தம்புசாமி சொன்னாரு. அவன் போயிட்டா நாம செத்தோம். நீ போய்ப் பேசு. நேர்ல போ. நாங்க யாரும் போகப் போறதில்ல, அவனும் போக வேணாம், பதினோரு பேரும் ஒண்ணா நின்னு பேசிக்கலாம்னு சொல்லு. நீ சொன்னா கேப்பான்.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்தாறு வருஷத்தில் இந்த மனுஷன் தம்பி விஷயத்தில் இவ்வளவு பெருந்தன்மையாகப் பேசியது இதுதான் முதல் தடவை. உள்ளே போய்ப் புடவை மாற்றினாள்.

“எத்தன மணிக்குத் திரும்புவ?” என்று வெளியிலிருந்து கேட்டார்.

“நாலு ஆகும்.”

“அவசரமில்ல. சாப்டுட்டே வா.”

*

கொமியூட்டர் ரயில் அன்றைக்கு ஒவ்வொரு நிலையத்திலும் நின்று நின்று போனது. புஷ்பவல்லி ஜன்னலோரம் உட்கார்ந்து, தம்பியிடம் எப்படித் தொடங்குவது என்று ஒத்திகை பார்த்தாள். நல்ல சேதி கொண்டு போகிறவளுக்கு ஒத்திகை எதற்கு? ஆனாலும் மனசு ஒரு நிலையில் இல்லை. தன் கையால் எழுதிய வரி ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது. ‘இத்தீர்மானத்தை மீறுவோர்’ என்று எழுதுகையில், ‘மீறுபவர்’ என்று போடலாமா என்று அரை நிமிஷம் யோசித்தாள். அந்த அரை நிமிஷத்தில், இப்படி ஒன்றை எழுதலாமா என்று யோசித்திருக்கலாம்.

சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி நடந்தாள். பூக்கடைகளைத் தாண்டி, பலகாரக் கடையைத் தாண்டி வேலாயுதத்தின் கடை. வாசலில் ஆள் இல்லை. உரித்த தேங்காய்கள் மூட்டையில் அப்படியே கிடந்தன.

“வாக்கா,” என்றான் வேலாயுதம். துண்டால் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். “போன் பண்ணியிருந்தா ஸ்டேஷனுக்கு வந்திருப்பேன்ல.”

அவன் மனைவி மலர்விழி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். “வாங்கண்ணி. சாப்டுட்டுத்தான் போகணும். மீன் கொழம்பு வச்சிருக்கேன்.” வாய் உபசரித்தது, கண் எடை போட்டது.

புஷ்பவல்லி ஒத்திகை பார்த்ததையெல்லாம் மறந்துவிட்டு நேராகக் கேட்டாள்.

“நீ லாயரைப் பாத்தியாமே.”

வேலாயுதம் மறைக்கவில்லை. “பாத்தேன். இன்னைக்கு மூணு மணிக்கு அப்பாயின்ட்மென்ட். பேப்பரெல்லாம் ரெடி. கையெழுத்துப் போட்டா நேரா ஆபீசுக்குக் கொண்டு போயிடுவாரு.”

“எல்லார் பேரும் இருக்கா அதுல?”

“இருக்கு.”

“மச்சான் பேரு?”

“செயலாளர்க்கா அவரு. அவர் பேரு இல்லாம எப்படி?” அவன் குரல் இறங்கியது. “நான் என்ன செய்யட்டும் சொல்லு. கவர்மெண்ட் விலையில கைக்காச விட்டேன். சங்க விலையில வாடிக்கைய விட்டேன். குறைச்சு வித்தா கோயிலுக்கு ஃபைன், ஏத்தி வித்ததுக்கு இப்ப ஆணையத்துல ஃபைன். எனக்குன்னு ஒரு விலைய நானே வைக்க ஒருத்தனும் விடல. அந்தப் பேரங்காடிக்காரன் மட்டும் அவன் இஷ்டத்துக்கு ஒன்பதுன்னு வைக்கிறான், அவனை யாரும் ஒண்ணும் கேக்கல.”

“அவங்க தேங்காய்ல நட்டப்பட்டு சோப்புல எடுத்துடுவாங்க,” என்றாள் மலர்விழி. “நாம தேங்காய் மட்டுந்தானே விக்கிறோம்.”

புஷ்பவல்லி தம்பியின் கையைப் பிடித்தாள். தேங்காய் உடைத்து உடைத்து உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது.

“நீ போக வேணாம்டா. மச்சான் போகலையாம். யாரும் போக வேணாம், எல்லாரும் ஒண்ணா நின்னு பேசலாம்னு சொல்லிட்டாரு. உன்னைக் காட்டிக் குடுத்துட்டு எப்படிடா கடையில உக்காருவேன்னு கேட்டாரு. அவர் வாயால சொன்னாரு.”

வேலாயுதம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணன் சொன்னாரு சரி,” என்றாள் மலர்விழி. “அதை அண்ணனே ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாமே.”

புஷ்பவல்லிக்குச் சுருக்கென்றது. “நான் வந்து சொன்னா பத்தாதா மலரு? கிள்ளான்லேருந்து ரயிலேறி வந்து பொய்யா சொல்றேன்?”

“அவ கெடக்கா,” என்றான் வேலாயுதம். “மச்சான் சொன்னாருன்னா நம்ப யோசிப்பேன்க்கா. மனசுல வச்சுக்காத, யோசிப்பேன். நீ சொல்றியா? அத மட்டும் சொல்லு.”

“நான் சொல்றேன்.”

“மச்சான் போக மாட்டாரு?”

“போக மாட்டாரு. என் வாக்குடா தம்பி.”

சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு ஐந்து. வேலாயுதம் போனை எடுத்து அவள் எதிரிலேயே லாயருக்கு அடித்தான். இன்றைக்கு வரவில்லை என்றான். அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். “தெரியும் போஸ், முதல்ல போறவங்களுக்குத்தான்னு சொன்னீங்க, தெரியும்,” என்றான். “குடும்பத்துல பேசிட்டோம்லா. வேணாம்.” போனை வைத்துவிட்டு, பாரம் இறங்கியவனைப் போல மூச்சு விட்டான்.

“எலையப் போடு மலரு. அக்காவுக்குப் பசிக்கும்.”

மலர்விழி இலை போட்டாள். குழம்பு ஊற்றினாள். சாப்பிட்டு முடிப்பதற்குள் மூன்று தடவை போனோடு உள்ளே போய் வந்தாள். புஷ்பவல்லி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

*

நாலே காலுக்குக் கிள்ளானில் கடை வாசலுக்கு வந்தபோது, இரும்புக் கதவு பாதிதான் திறந்திருந்தது. குனிந்து உள்ளே போனாள்.

ஜெயராஜ் நாற்காலியில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கும் கோர்ட்டுக்கும் மட்டும் போடுகிற நீலச் சட்டை. புனிதாவின் தோளில் இன்னும் கைப்பை தொங்கியது. இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் புஷ்பவல்லி நேராக அலமாரிக்குப் போனாள். மேல் தட்டில் சங்கக் கோப்புகள் இருந்தன. மினிட்ஸ் புத்தகம் இல்லை.

“எங்க?”

“ம்மா, உக்காரு.”

“புத்தகம் எங்கடீ?”

“குடுத்தாச்சு,” என்றார் ஜெயராஜ். “ஒத்துக்கிட்டாச்சு. நாமதான் முதல்.”

அவர் அதைச் சொன்ன விதத்தில் எங்கோ ஒரு மூலையில் பெருமை இருந்தது. பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் கப் வாங்கி வந்த பையன் குரல். அதுதான் அவளை அறைந்தது. போட்டி போடுங்கள், போட்டி போடுங்கள் என்றுதான் சட்டம் சொன்னது. தேங்காய் விற்பதில் போடாத போட்டியைக் காட்டிக் கொடுப்பதில் போட்டு ஜெயித்துவிட்டு வந்திருக்கிறார்.

“எத்தன மணிக்கு?”

“என்ன?”

“எத்தன மணிக்கு உள்ள போனீங்க?”

புனிதாதான் சொன்னாள். “பன்னெண்டு.”

பன்னிரண்டுக்கு அவள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். போக மாட்டார் என்று அவள் சத்தியம் செய்தபோது இவர் போய் உட்கார்ந்தே ஐந்து நிமிஷம் ஆகிவிட்டது.

“என்னை எதுக்கு அனுப்பினீங்க?”

ஜெயராஜ் காலுறையை உருட்டி ஷூவுக்குள் செருகினார்.

“கேக்கறேன்ல. என்னை எதுக்கு அனுப்பினீங்க?”

“அவன் மூணு மணிக்குப் போறதா இருந்தான்,” என்றார். “தம்புசாமி நேத்தே சொல்லிட்டாரு. நமக்கு லாயரோட பேப்பர் ரெடியாக மத்தியானம் ஆகும்னாங்க. கொஞ்சம் முன்னப் பின்ன ஆனா அவன் முந்திடுவான். அவனை அங்கயே நிறுத்த ஒரு ஆள் வேணும். நான் போனா நிப்பானா?”

“மாமா நம்மளக் காட்டிக் குடுக்க ரெடியா இருந்தாரும்மா,” என்றாள் புனிதா. “மாமா பேப்பர்லயும் அப்பா பேரு இருந்துச்சு. மாமா போயிருந்தா கடை போயிருக்கும். உங்க ரெண்டு பேரோட இருபத்தாறு வருஷமும் போயிருக்கும். யாராவது ஒருத்தர்தான் தப்பிக்க முடியும்னு சட்டமே வச்சிருக்கு. நாங்க என்ன செய்ய?”

“அவன் ரெடியா இருந்தாண்டி. என்னைப் பாத்துட்டு விட்டுட்டான். நீங்க என்னை அனுப்பிட்டுப் போனீங்க. ரெண்டும் ஒண்ணா?”

புனிதா அழத் தொடங்கினாள். அவளைத் தேற்ற புஷ்பவல்லிக்குக் கை எழவில்லை. பெற்ற பெண்ணின் மேல் இப்படி ஒரு வெறுப்பு வரும் என்று அவள் நினைத்ததில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இங்கே வயிறு ஒன்றுதான். அந்த ஒரே வயிற்றுக்காகத்தான் தன் வாயை எடுத்து உபயோகித்திருக்கிறார்கள்.

“இப்பவே சொல்றேன் அவன்கிட்ட,” என்று போனைத் தேடினாள். “ரெண்டாவதா போனாலும் கொஞ்சம் குறையும்னியே. நாளைக்குக் காலைலயே போகட்டும்.”

“அம்மா, முடியாது.” புனிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “நாம போனத வெளிய யாருக்கும் சொல்லக் கூடாது. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கோம். சொன்னது தெரிஞ்சா நமக்குக் குடுக்கற சலுகைய எடுத்துடுவாங்க. அப்புறம் நம்ம வாயாலயே ஒத்துக்கிட்டது மட்டும்தான் மிஞ்சும்.”

“புரியுதா புஷ்பம்?” என்றார் ஜெயராஜ். அதட்டவில்லை, கெஞ்சினார். “நீ ஒரு வார்த்தை சொன்னா கடை போச்சு. புனிதாவுக்கு வர்ற மாசி மாசம் கல்யாணம். யோசி.”

அப்போது போன் அடித்தது. கைப்பைக்குள், புடவை மடிப்புக்குள் எல்லாம் தேடி எடுத்தாள். வேலாயுதம்.

எடுக்காதே என்று ஜெயராஜ் கையால் சைகை காட்டினார். அவள் எடுத்தாள்.

“போய்ச் சேந்தியாக்கா?”

“சேந்துட்டேன்.”

“சாப்பிட்டதுக்கப்புறம் மீன் கொழம்ப வீட்டுக்குத் தப்பாவ் கட்டிக் குடுக்கணும்னு மலரு எடுத்து வச்சிருந்தா. மறந்துட்டோம் பாரு.” சிரித்தான். “லாயர் திரும்ப போன் பண்ணாருக்கா. நல்லா யோசிச்சுக்கங்க, நாளைக்குக் காலைல பத்து மணிக்குக்கூட டைம் தரேன்னு சொல்றாரு. வேணாம் போஸ், எங்கக்கா வாக்கு குடுத்திருக்குன்னு சொல்லிட்டேன். சரிதானேக்கா?”

புனிதா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் தான் சொன்னது பொய் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. அது அவள் பாவம் இல்லை. அதை யார் தலையில் வேண்டுமானாலும் போடலாம். இப்போது சொல்லப் போவது முழுக்க அவளுடையது.

“சரிதான் தம்பி,” என்றாள் புஷ்பவல்லி. “நீ போகாத.”

சொன்ன வாயை அப்படியே தேய்த்துக் கழுவ வேண்டும் போல இருந்தது. ஜெயராஜ் நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்க்கச் சகிக்காமல் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இருக்கா, மலரு ஏதோ கேக்கணுமாம்.”

போன் கை மாறியது. மலர்விழியின் குரல் நிதானமாக வந்தது.

“அண்ணி, நீங்க இங்க இருக்கும்போதே நான் கடைக்கு மூணு தடவ போன் பண்ணேன். அண்ணன் வாயால ஒரு வார்த்தை கேக்கலாம்னுதான். யாரும் எடுக்கல. அப்புறம் உங்க பக்கத்துத் துணிக்கடைக்குப் பண்ணிக் கேட்டேன். நீங்க ரயிலுக்குப் போன கையோட கடையச் சாத்திட்டு, அண்ணன் சட்டையெல்லாம் போட்டுக்கிட்டுப் புனிதாவோட கார்ல போனாராம். கையில ஏதோ பெரிய புத்தகம் இருந்துச்சாம்.”

மலர்விழி நேராகக் கேட்டாள்.

“எங்க போனாங்கண்ணி?”